ரோசம்மாளின் கட்டைவிரல்

மெத்தென்றிருக்கும் எதைக் கண்டாலும் ரோசக்கா அதைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்துவார். பிறகு விரலை எடுத்துவிட்டு, விழுந்த பள்ளம் மேலே வரும்வரை மனதுக்குள் எண்ணுவார். கேன்டீன் இட்லி, பேக்கரி பன், ஷேர் ஆட்டோவில் பக்கத்துப் பெண்ணின் மடியில் இருக்கும் குழந்தையின் தொடை, எதுவும் தப்பாது. குழந்தை சிணுங்கினால், "ஒண்ணுமில்லடா கண்ணு, நீ பாஸாயிட்ட" என்பார். ஆறு வருடம் அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தேன். அழுத்திப் பார்க்காமல் அவர் தின்ற இட்லியை நான் கண்டதில்லை.

அந்த விரல் ஸ்பாஞ்ச் கம்பெனியில் பழகியது. ரோசம்மாள் பிறந்தது கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு காலனியில். அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். ரோசக்கா வயலுக்குப் போகவில்லை. பதினெட்டு வயது முடிந்ததும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெத்தைக்கு ஸ்பாஞ்ச் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். பதினாறு வருடம் அங்கே அவருக்கு ஒரே வேலை. துண்டுகளை அழுத்திப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் குறையுள்ளதை இன்னொரு பக்கமும் போட வேண்டும். குறையுள்ளதற்கு எங்கள் பக்கத்தில் செகண்ட்ஸ் என்று பெயர்.

இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் செகண்ட்ஸ் இருக்கும். பிடி கோணலான பக்கெட், மூலை உடைந்த டைல்ஸ், நொறுங்கிய பிஸ்கட், தையல் விலகிய கையுறை. யார் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறாரோ அந்தக் கம்பெனியின் செகண்ட்ஸ் அவர் தெரு முழுக்கப் போய்விடும். கேட்டு எடுப்பதும் உண்டு, கேட்காமல் எடுப்பதும் உண்டு. அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. குறை பார்வைக்குத்தான், பயன்படுத்த ஒன்றும் தடையில்லை என்பது எங்களுக்குப் பழகிப்போன எண்ணம். என் வீட்டுத் தரையும் செகண்ட்ஸ் டைல்ஸ்தான். பத்து வருடமாக அதன் மேல்தான் நடக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை.

ஸ்பாஞ்ச் கம்பெனியை மூடியதும் ரோசக்கா எங்கள் கம்பெனிக்கு வந்தார். சின்னக் கம்பெனி. மாடியில் லேப், கீழே ஜெல்லை ஊசிக்குழாயில் நிரப்பி லேபிள் ஒட்டும் அறை. நான் மாடியில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். ரோசக்கா கீழே நிரப்பினார், ஒட்டினார். அவர் ஒட்டிய லேபிள் சிவப்பு. ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குப் போடக் கூடாது என்று அதில் இங்கிலீஷில் இருக்கும். அதன் அர்த்தத்தைச் சேர்ந்த முதல் நாளே எங்கள் இருவருக்கும் சொல்லிவிட்டார்கள்.

லேபைப் பார்த்துக்கொள்வது நர்மதா மேடம். பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டுப் பெண். போனில் அப்பாவை நைனா என்பார். பெரிய படிப்புப் படித்தவர், ஆனால் எதையும் எங்களுக்குப் புரியும்படி சொல்வார். ஒரு நாள் ஜெல்லை ஒரு தட்டில் கொட்டி, கத்தியால் இரண்டாக வெட்டி, இரண்டு துண்டையும் ஒட்டி வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரே துண்டு. வெட்டிய கோடு கூட இல்லை.

"பசை இன்னா போட்டீங்க மேடம்?" என்று ரோசக்கா கேட்டார்.

"பசையே இல்லக்கா. நைட்டில டிச் பட்டன் கீதுல்ல? அழுத்துனா மாட்டிக்கும், இழுத்தா உட்டுடும். அந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத பட்டனுங்க கோடிக்கணக்கா இதுக்குள்ள கீது. ஒண்ணொண்ணும் வலு இல்லாதது. எல்லாம் சேந்து புடிச்சிக்கினு கீறதால நிக்குது."

ஊசிக்குழாயில் அழுத்தினால் பட்டன்கள் விட்டு ஜெல் தண்ணீர் மாதிரி ஓடும். வெளியே வந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு கெட்டியாகும். நம் உடம்புச் சதையும் அப்படித்தானாம். கல் மாதிரி நிற்பதில்லை. உள்ளே இருக்கும் செல்கள் தள்ளினால் இடம் கொடுக்கும், இழுத்தால் கூடவே வரும். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல் சப்பாத்தி மாதிரி தட்டையாகக் கிடப்பதையும், இந்த ஜெல்லுக்குள் வளர்த்த செல் உருண்டு திரண்டு கை நீட்டுவதையும் மேடம் எனக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். "சதைன்னு நம்பி குடியிருக்குது பாருங்க" என்றார். ஆறாத புண்ணில் இதைப் பூசினால் புதுச் சதை ஏறி வருவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கும் என்பதுதான் அவர்கள் எண்ணம். எலிக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள்.

ஜெல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று அளக்க ஒரு மெஷின் உண்டு. ஒரு தடவை அது கெட்டு, ரிப்பேருக்கு ஆள் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் ரோசக்கா ஒவ்வொரு பேட்ச்சிலும் கொஞ்சம் எடுத்து, கையுறை போட்ட கட்டைவிரலால் அழுத்தி எண்ணிச் சொன்னார். "இது மூணு. இது அஞ்சு, லேட்டா எழும்புது, தள்ளிடுங்க." மெஷின் சரியானதும் எல்லாவற்றையும் மறுபடி அளந்தார்கள். இருபதில் பத்தொன்பது ரோசக்கா சொன்னபடியே இருந்தது. அன்றிலிருந்து நர்மதா மேடம் மாடிப்படியில் இருந்தே கேட்பார்.

"அக்கா, உங்க மெஷின் இன்னா சொல்லுது?"

"என் மெஷினுக்கு கரண்டே வேணாம் மேடம். நாஷ்டா துன்னா ஓடும்."

ரோசக்கா சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். விரலைப் பற்றிச் சொன்னால் மட்டும் மூடாமல் சிரிப்பார்.

அவர் கணவர் எட்வர்ட் ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஆள். பழுக்கக் காய்ந்த இரும்பு ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் கம்பியாக ஓடி வரும் இடத்தில், குறடு பிடித்து நிற்கும் வேலை. போன வருடம் ஆடி மாதத்தில் இரும்பின் மேல் இருந்து தெறித்த ஒரு செதில் அவர் இடது பூட்ஸுக்குள் விழுந்தது. பெருவிரலுக்கு மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தீப்புண். அவருக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை. புண் ஆறவில்லை. கார்த்திகையில் விரலின் ஓரம் கறுக்கத் தொடங்கியது.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பெருவிரலை எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் பாதம் தப்பும் என்றார்கள். பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். மறுநாள் சனிக்கிழமை நான் ஊறுகாய் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்வர்ட் அண்ணன் காலை நாற்காலி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வெரலுதானங்க" என்றார் ரோசக்கா.

"உனுக்கு வெரலு. எனுக்கு அதாம் மே வேலை. பெருவெரல ஊணித்தான் கொறடு புடிக்கணும். இல்லனா காயற கம்பி மேலயே போய் உயுவேன். மேஸ்திரி என்னப் பாத்ததும் வாட்ச்மேனா கேட்டாண்ட உக்காரச் சொல்லுவான்."

"உக்காந்துக்கினு வரவன் போறவன எண்ணேன். நல்ல வேலைதான்."

"எண்றது உன் வேலை. நீ வந்து உக்காரு. வர்றவன எல்லாம் அமுக்கிப் பாத்து உள்ள உடு."

மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் என்னைப் பார்த்து, "சுமா, இருவத்தி ரெண்டு வருசம் நின்னுக்கினே சாப்ட்டவன் நானு. உக்காந்து துன்னா எறங்காது" என்றார். என் பெயர் சுமலதா. அவர்கள் இருவருக்கும் சுமா.

ஆஸ்பத்திரியில் சேர இன்னும் ஒரு வாரம் இருந்த அந்தத் திங்களன்று, வேலைக்கு வந்ததும் ரோசக்கா நேராக மாடிக்கு ஏறி நர்மதா மேடத்திடம் கேட்டார். நான் பக்கத்தில் குழாயடியில் இருந்தேன்.

"மேடம், எங்க ஊட்டுக்காரருக்கு இந்த ஜெல்லு போடலாமா?"

"வேணாங்கா. எலிக்குதான் போட்டுக்கீறோம். மனுசனுக்குப் போட பர்மிஷன் வர இன்னும் மூணு வருசம் ஆவும்."

"எலிக்கு ஆறிச்சா?"

மேடத்துக்குப் பொய் வராது. "ஆறிச்சு" என்றார்.

"சக்கர கீற எலியா?"

"ஆமாங்கா. ஆனா அது வேற. டாக்டர் சொல்றத கேளுங்க. வெரல் போனா போவுது, கால் நிக்கும்."

ரோசக்கா தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினார். அவர் எடுத்துக்கொண்டு போனது 'ஆறிச்சு' என்ற ஒரு சொல்லை மட்டும்தான்.

புதன்கிழமை ஒரு பேட்ச் தள்ளுபடி ஆனது. வழக்கமாகப் பதம் தவறினால்தான் தள்ளுவார்கள். இது வேறு. ஜெல்லுக்கான நீர்மம் மெல்லிய ஃபில்டர் வழியாக வடிந்து வர வேண்டும். கிருமியெல்லாம் அதில்தான் நின்றுவிடும். சூடு காட்டினால் ஜெல் கெட்டுவிடும் என்பதால் அந்த ஃபில்டர்தான் ஒரே காவல். அன்றைக்கு அது கிழிந்திருந்தது. நிரப்பி முடித்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். "ஃபில்டர் கிழிஞ்சிடுச்சு, மொத்தத்தையும் எரிக்க அனுப்பிடறேன்" என்று நர்மதா மேடம் முதலாளியிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. கீழே இருப்பவர்களுக்குத் தள்ளுபடி என்று மட்டும் சொன்னார்கள். காரணம் சொல்லும் வழக்கம் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கீழே போனேன். ரோசக்கா தனியாக இருந்தார். தள்ளுபடியானதைப் போடும் சிவப்பு டப்பாவில் கிடந்த ஒரு ஊசிக்குழாயிலிருந்து கொஞ்சம் பிதுக்கி, வெறும் விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். பள்ளம் விழுந்து, மெதுவாக, ஒழுங்காக மேலே வந்தது.

"சரியா மூணு" என்றார். "இத எதுக்கு தள்ளிட்டாங்க? ஆறு வருசத்துல இப்டி ஒரு பேட்ச் வந்ததில்ல சுமா. என் சதைய அமுக்கறதும் இத அமுக்கறதும் ஒண்ணா கீது."

எனக்குக் காரணம் தெரியும். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒட்டுக் கேட்டதைச் சொல்வது போல் இருந்தது. அவர் என்னைவிடப் பெரியவர், விரலாலேயே தரம் சொல்லத் தெரிந்தவர். எனக்கு எப்போதும் ஒரு பேச்சு வாய்க்கு வருவதற்குள் அதற்கான நேரம் போய்விடும். அவர் ஆறு ஊசிக்குழாய்களை டிபன் பையில் துணிக்கு அடியில் வைத்தார். சிவப்பு லேபிள்களை நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்தார். அவரே ஒட்டியவை, வரவில்லை. அப்படியே வைத்து மூடினார்.

வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில் அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"வெளிய சொல்லாத. உப்பு போட்டு தண்ணி கொதிக்க வெச்சி, ஆற வெச்சி, கயுவிட்டு பூசறேன். மூணு வேளை ஆச்சு. எரிச்சல் போயிட்சாம். நாத்தமே இல்ல. அவுரு கால மடக்கும்போது ஜெல்லு வெடிச்சி, நான் பாத்துக்கினு கீறப்பவே சேந்துக்குது. சதையேதான். 'உன்ன மாதிரி இல்ல மே, இது சொன்ன பேச்சு கேக்குது'ன்றாரு."

"அக்கா, அந்த ஃபில்டர்..." என்று தொடங்கினேன்.

"இன்னா ஃபில்டர்?"

அவர் கண்ணைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

வலி குறைந்தது உண்மை. நாற்றம் வெளியே வராததும் உண்மை. ஜெல் புண்ணை இண்டு இடுக்கு விடாமல் மூடியிருந்தது. உள்ளே நடந்ததை அது வெளியே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்வர்ட் அண்ணன் கோயிலுக்குக் கிளம்பச் சட்டை போட்டவர், குளிருகிறது என்று மறுபடி படுத்துக்கொண்டார். ரோசக்கா வேட்டியை விலக்கிப் பார்த்தார். கெண்டைக்கால் வீங்கிப் பளபளத்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பள்ளம் விழுந்தது. எண்ணினார். மூன்று ஆனது, ஐந்து ஆனது, பத்து ஆனது. பள்ளம் அப்படியே இருந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். இரண்டு பள்ளங்களும் இரண்டு கண் மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்போதும் அவர் கத்தவில்லை. எதிர்வீட்டு சடையப்பனைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னார்.

சென்னைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆனது. கட்டைப் பிரித்த டாக்டர் இது என்ன மருந்து என்று கேட்டார். ரோசக்கா பையிலிருந்து தீர்ந்த ஊசிக்குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் சின்ன வயதுக்காரர். சிவப்பு லேபிளைப் படித்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"இத யார்மா ஒட்டுனது?" என்றார், எந்தக் கம்பெனி என்று தெரிந்துகொள்ளத்தான்.

"நாந்தான் சார்" என்றார் ரோசக்கா.

அன்றே கணுக்காலோடு எடுத்தார்கள். விஷம் அதற்கும் மேலே ஏறியிருந்தது. ஆறாம் நாள் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். சொன்னபடி திங்கட்கிழமை புண்ணை அப்படியே வைத்துக்கொண்டு வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னார். திட்டிச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடை மாதிரி சொன்னார்.

எட்வர்ட் அண்ணன் வார்டில் இருக்கும்போதே ரோசக்கா ஒரு நாள் கம்பெனிக்கு வந்தார். மிச்சம் இருந்த இரண்டு ஊசிக்குழாய்களைப் பாலிதீன் பையில் கொண்டுவந்து நர்மதா மேடத்தின் மேஜை மேல் வைத்தார்.

"இத நான் எடுத்துக்கினு போனேன் மேடம். செகண்ட்ஸ்தானேன்னு எடுத்தேன். என் கை நல்லா கீதுன்னுச்சு."

மேடம் லேபிளில் இருந்த பேட்ச் நம்பரைப் பார்த்தார். "அக்கா, அது ஃபில்டர் கிழிஞ்ச பேட்ச்."

"அப்டின்னா?"

"நல்லாதான் இருந்திருக்கும். கைக்குத் தெரியாது. மெஷினுக்கும் தெரியாது. செல்லுங்க குடியிருக்கணும்னு ஊடு மாதிரி செஞ்சோம்கா. ஈரம், இதமான சூடு, கை நீட்ட எடம், எல்லாம் வெச்சோம். அந்த ஊட்டுக்கு யார் மொதல்ல வந்தாலும் வளருவாங்க. கிருமி மொதல்ல வந்துடுச்சு."

நான் கண்ணாடிக் குடுவையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தபடியே நின்றேன். ரோசக்கா என் பக்கம் திரும்பினார். ஃபில்டர் என்று நான் சொன்னது ஞாபகம் வந்ததா என்று தெரியாது. வெறுமனே, "குழாய நிறுத்து சுமா, ரொம்புது பாரு" என்றார்.

மேடம் அந்த ஜெல்லைச் சோதனைத் தட்டில் வைத்து வளர்த்துப் பார்த்தார். இரண்டு நாளில் தட்டு முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள். நெருக்கமாக, செழிப்பாக இருந்தன. பார்த்து முடித்த பிறகு அதிலிருந்ததைக் கொன்று தட்டைக் கழுவ என்னிடம் அனுப்பினார்கள். கழுவினேன்.

கம்பெனியில் ரோசக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. அவரேதான் மறுநாளிலிருந்து வரவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். எட்வர்ட் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வா சுமா. பாத்தியா, எறங்குது" என்று தட்டைக் காட்டினார். நான் ஸ்டூலை இழுத்து உட்காரும்போதே, "உங்க அக்கா ஊடு பூரா செகண்ட்ஸா சேத்து வெச்சா. கடைசியா ஒண்ணு கொறைஞ்சிது. நானும் செகண்ட்ஸ் ஆயிட்டேன்" என்றார். ரோசக்கா குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குடத்தில் தண்ணீர் நிறைய இருந்ததை நான் பார்த்தேன்.

அவர் திரும்பி வந்து எனக்கு இட்லி வைத்தார். தனக்கும் வைத்துக்கொண்டார். அழுத்தவில்லை. பிட்டுத் தின்றார். போகும்போது தெருமுனைவரை கூட வந்தார். சொல்லிவிட வேண்டும் என்று ஷேர் ஆட்டோ வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்துவிட்டது.

இன்றைக்கு நிலைமை இது. எட்வர்ட் அண்ணனின் மில்லில் அவர் இடத்தில் வேறு ஆள் நிற்கிறார். செயற்கைக் காலுக்கு இரண்டு தடவை அளவு எடுத்திருக்கிறார்கள். சர்க்கரை இறங்காததால் வெட்டிய இடம் இன்னும் முழுதாக ஆறவில்லை, அதனால் கால் பொருத்தவில்லை. ரோசக்கா புதுகும்மிடிப்பூண்டியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பக்கெட்டுகளை அடுக்குகிறார். பக்கெட்டில் அழுத்திப் பார்க்க ஒன்றும் இல்லை. செகண்ட்ஸ் கொடுத்தால் வாங்குவதில்லையாம். எங்கள் கம்பெனியில் சிவப்பு டப்பாவுக்குப் பூட்டு போட்டாயிற்று. சாவி நர்மதா மேடத்திடம் இருக்கிறது. ஏன் தள்ளினோம் என்பதை இப்போது டப்பா மேலேயே தமிழில் எழுதி ஒட்டுகிறார்கள். ஜெல்லுக்கு இன்னும் அனுமதி வரவில்லை. நான் மாடியில் கண்ணாடி கழுவுகிறேன். ஃபில்டர் கிழிந்தது அந்தப் புதன்கிழமையே எனக்குத் தெரியும் என்பதை ரோசக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.